ஊசியில் நூல் கோக்க முடியாத இரவு

வாசகியின் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் எனக்கு 40 வயது ஆகிறது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. ஐந்தாம் படிவம் படிக்கும்போது விற்றுவிட்டார்கள். பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்), மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். கணவர் லோரி ஓட்டுகிறார். மகள் நான்காம் படிவம், மகன் ஐந்தாம் ஆண்டு. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்து 19 வயதில் கையுறை பேக்டரிக்குப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கையுறையில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இரவில் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன்.

போன வாரம் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நுனியை நனைத்தேன், வெட்டினேன், விளக்குக்கு அடியில் போய் நின்றேன். ஏழெட்டுத் தடவை முயன்றும் நுழையவில்லை. மகள் வந்து ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் அழுகை வந்துவிட்டது.

என்னோடு படித்தவள் ஒருத்தி டாக்டர், இன்னொருத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். இந்த 20 வருஷத்தில் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்பா பக்கவாதத்தில் மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார், அவரைப் பார்த்துக்கொண்டேன். தம்பியைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தேன். அது வேறு கதை. பேக்டரியை விட்டுவிட்டு முழுநேரமாகத் தைக்கலாம் என்று ஆசை. கணவரிடம் சொன்னேன். “நாப்பது வயசுல என்ன புதுசா?” என்று கேட்டார். அம்மா என் வயதில் கிழவி மாதிரி இருந்தார். எனக்கும் அவ்வளவுதானா அக்கா? மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை இதே நினைப்பு.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை “அது வேறு கதை” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஊசி.

உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை சின்ன வயதில் நன்றாக வளைந்து கொடுக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அது உப்ப வேண்டும். வயது ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. 40-ஐ ஒட்டித்தான் அது நமக்குத் தெரிய வருகிறது. மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதும், ஊசியின் காது மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். நம் ஊரில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். வடக்கே 40-ஐச் சாலீஸ் என்று சொல்வார்கள், அதிலிருந்து வந்த சொல் அது. எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த வயதில் இது வரும் என்று கண்டு, வயதையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் வந்த தண்டனை என்று நினைத்து இரவெல்லாம் அழுதிருக்கிறீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு கண்ணாடி போதும். சந்தைக் கடையில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். முறையாகக் கண் பரிசோதனை செய்யும் கடைக்குப் போய் இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி வேலைக்கு, கையுறை பார்ப்பதற்கு என்று வேலையையும் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் எண் தருவார்கள். பேக்டரியிலும் இந்த ஒரு வருஷமாக உங்களுக்கு ஓட்டைகள் தப்பிப்போய், லைன் லீடரிடம் பேச்சு வாங்கியிருப்பீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதவில்லை. ஆனால் “எதற்கும் லாயக்கில்லை” என்ற எண்ணம் ஒரே இரவில் ஒரு ஊசியால் வருவது இல்லை.

இன்னொன்று. ஒரு நாள் நன்றாகத் தெரிந்து மறுநாள் மங்கலாகத் தெரிகிறது என்றால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் நீரிழிவு நம் இந்தியர்களிடம்தான் அதிகம். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நம்மவர்களில் அந்தக் கணக்கு அதைவிட மோசம். உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. ஆகவே இரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால் 40 வயதிலிருந்து பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. 2019-இலிருந்து நடக்கிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவும் 40-ஐத் தொட்ட தொழிலாளர்களுக்கென்று 2013-இல் ஒரு பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டால், கூட வந்து அவரும் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். லோரி ஓட்டுகிறவர், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவர். அவருக்கும் அவசியம்.

சரி, இப்போது அம்மாவிடம் வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பேசியது அந்த ஒரு வரிதான்: “அம்மா என் வயதில் கிழவி மாதிரி இருந்தார்.”

நானும் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது 57 வயது. என் அம்மா பால் மரம் சீவியவர். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிடும்போது களத்தில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. கைக்குழந்தையை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். காலைக் குளிர் விலகுவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரம் பால் விடுவது குறைந்துவிடும். ஐந்நூறு அறுநூறு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் சீவி, மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்னும் தோள் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அவர் கையைப் பிடித்தால் புளித்த பால் வாசம் வரும். சோப்புப் போட்டாலும் போகாது. நகத்துக்கு அடியில் கறுத்திருக்கும்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது எப்போது ஆனது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. பிறந்த தேதி என்று ஐசியில் (அடையாள அட்டையில்) இருந்தது தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், கேட்டு எழுதியது. அப்பாவின் வயதைக் கேட்டால் “ஜப்பான்காரன் வந்தப்போ தவழ்ந்துக்கிட்டு இருந்தேன்” என்பார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வோம். “பெரிய வெள்ளம் வந்த வருஷம்”, “உன் சின்னாத்தா கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசம்”, “தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தானே, அதுக்கு முந்தின தீபாவளி” — இப்படித்தான் எங்கள் லயத்தில் வருஷம் எண்ணினார்கள். யாரும் முப்பது, நாற்பது என்று வேலி கட்டி எண்ணவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களைத் தூங்க விடாத அந்த 40 உங்களுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. அது உங்கள் அம்மாவின் 40. நீங்கள் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையாக அவரைப் பார்த்திருப்பீர்கள். முதுகு வளைந்து, பல் விழுந்து, புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டோரிலிருந்து வரும் அந்த உருவம் உங்களுக்குள் நின்றுவிட்டது. ஆசியா முழுக்கப் பொருளாதாரம் சரிந்து 1998 வந்தபோது ரப்பர் விலையும் விழுந்து கிடந்தது. உங்கள் அம்மா அந்த வருஷங்களில்தான் 40-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அவரைக் கிழவி ஆக்கியது வயது என்று உங்கள் மனம் எழுதி வைத்திருக்கிறது. உண்மையில் அது நாலு மணி அடுப்பும், சுமையும், இரத்தசோகையோடு அடுத்தடுத்துப் பெற்ற பிள்ளைகளும், பல் டாக்டரைப் பார்க்க நேரமில்லாத வாழ்க்கையும் செய்த வேலை.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல் இந்நாட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 60-ஐத் தொடவில்லை. குழந்தை மரணங்கள் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தன என்பது உண்மைதான். ஆனாலும் நாற்பது வயதுப் பெண்ணைப் “பெரிய மனுஷி” என்று ஓரமாக உட்கார வைத்த வழக்கம் அந்தக் காலத்தில் வேர்விட்டது. இன்றைக்கு அந்த ஆயுள் 75-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் 55 என்றால் வேலை முடிந்தது என்று பொருள். 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நீங்கள் 19 வயதில் வேலைக்குப் போனவர். 21 வருஷம் வேலை செய்திருக்கிறீர்கள். 60 வரை இன்னும் 20 வருஷம் இருக்கிறது. நீங்கள் நிற்பது ஏறக்குறைய நட்ட நடுவில். முதல் பாதியைத் தொடங்கியபோது உங்களிடம் ஒரு எஸ்பிஎம் சான்றிதழும் பேக்டரி பஸ் ஏற நாலு வெள்ளைச் சட்டையும்தான் இருந்திருக்கும். இரண்டாம் பாதியைத் தொடங்கும்போது உங்கள் கையில் ஒரு தொழில் இருக்கிறது.

நம் இலக்கணத்தில் பெண்ணின் பருவங்கள் ஏழு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கும். மடந்தை 19 வரை, அரிவை 25 வரை, தெரிவை 31 வரை. கடைசிப் பருவமான பேரிளம்பெண் 40-இல் முடிகிறது. அதற்கு மேல் பெயரே இல்லை! பள்ளியில் இதை ஒப்பித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு 40 ஆன வருஷம் இது திடீரென்று ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் பெண்ணை எங்கிருந்து பார்த்தார்கள் என்று பின்னால் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் பிரசவம் பார்த்த பாட்டி, சண்டை விலக்கிய பாட்டி, சம்பள நாளில் குடித்துவிட்டு வந்தவனைத் துடைப்பத்தோடு வாசலில் நிறுத்திய பாட்டி, கூட்டு (சீட்டு) கட்டி ஐந்தாறு குடும்பத்துக்குத் தாலி வாங்கிக் கொடுத்த பாட்டி, எல்லாரும் அந்தப் பெயரில்லாத வயதில் இருந்தவர்கள்தான்.

இப்போது “அது வேறு கதை”க்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் டாக்டரான தோழியும் சிங்கப்பூர்த் தோழியும்தான் முதலில் வருகிறார்கள். அப்பாவுக்கும் தம்பிக்கும் சேர்த்து இரண்டே வரி. அதையும் வேறு கதை என்று தள்ளிவிட்டீர்கள். பக்கவாதம் வந்த ஒருவரை மூன்று வருஷம் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், என் மாமனாரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சி தொண்டையில் சிக்காமல் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட வேண்டும். பெற்ற மகள் துணி மாற்றும்போது அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு நீங்கள் ஷிஃப்டுக்கும் போயிருக்கிறீர்கள். ஓவர்டைம் பணத்தில் தம்பிக்குப் பாலிடெக்னிக் கட்டணமும் கட்டியிருக்கிறீர்கள்.

என் கவுன்சலிங் அறைக்கு வருகிறவர்களில் 39, 49, 59 வயதில் வருகிறவர்கள் நிறையப் பேர். வயதில் ஒரு பூஜ்யம் வரப்போகிறது என்றதும் மனம் தானாகவே கணக்கு நோட்டைத் திறக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் வீடு, கார், பதவி என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நம் பெண்களின் நோட்டில் முக்கால்வாசிப் பக்கம் காலியாக இருக்கும். ஏனென்றால் செய்ததையெல்லாம் அடுத்தவர் நோட்டில் எழுதியிருப்பார்கள். அப்பா நோட்டில் கொஞ்சம், தம்பி நோட்டில் கொஞ்சம், பிள்ளைகள் நோட்டில் மீதி. உங்கள் தம்பி இன்றைக்கு எங்கே வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சம்பளச் சீட்டில் உங்கள் 20 வருஷத்தில் சில வருஷம் இருக்கிறது. இதைச் சொல்லிக் காட்டச் சொல்லவில்லை. நீங்களே அதை மறக்க வேண்டாம் என்கிறேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு பள்ளி நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயது போடாதீர்கள். நம் தாத்தா பாட்டி எண்ணின மாதிரி எழுதுங்கள். “தோட்டத்தை விட்டு லோரியில் சாமான் ஏற்றி வந்த வருஷம்.” “முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தோடு வாங்கிய மாதம்.” “மகள் பிறந்த மழைக்காலம்.” “அப்பா விழுந்த நாள்.” “கொரோனாவுக்கு எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டுக் கதவைச் சாத்தினபோது முகக்கவசம் தைத்த இரவுகள்.” ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு வரி போதும். தினம் ஒன்று எழுதினாலும் சரி, வாரம் ஒன்று எழுதினாலும் சரி. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனை எடுக்காதீர்கள், இதை எடுங்கள். தோழிகள் போடும் படங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இரவு மூன்று மணிக்கு அவற்றைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்த மூன்று மணி விழிப்பைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். நாற்பதுகளில் பெண்களுக்கு உடம்பில் மாற்றம் தொடங்கலாம். மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 50-ஐ ஒட்டித்தான். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே சுரப்பிகளின் ஏற்ற இறக்கத்தால் தூக்கம் கலைவதும், திடீரென்று வியர்ப்பதும், காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை இவையும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். கிளினிக்கில் இதையும் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டே கிடக்கிறது, பிடித்த வேலையிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் அது வெறும் வயதுக் கவலை இல்லை. அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன, இரண்டும் வேலை செய்கின்றன. உடனே டாக்டரிடம் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. அழைத்துப் பேசலாம். “பைத்தியம்னு நினைப்பாங்க” என்று பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது தையல்.

உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் அடுத்த மாதம் 40 ஆகிறது என்பதற்காக அடுத்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். பிறந்தநாளுக்கு முன்னால் எடுக்கும் பெரிய முடிவுகளில் பாதி, வயதுக்குப் பயந்து எடுப்பவை. உங்கள் வீட்டுக்குக் கடன் இருக்கும், லோரி வருமானம் ஏறி இறங்கும், மகளுக்கு அடுத்த வருஷம் எஸ்பிஎம். பேக்டரிச் சம்பளத்தோடு உங்கள் 11 சதவீதமும் முதலாளி போடும் பங்கும் மாதாமாதம் இபிஎஃப் சேமநிதியில் விழுகிறது. கொரோனா சமயத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்ற திட்டங்களில் அதிலிருந்து எடுத்ததில் நம் தொழிலாளர்கள் பலரின் கணக்கு வற்றிப்போனது. உங்களுடையதும் அப்படி இருந்தால், அதை மறுபடி நிரப்ப இந்த 20 வருஷம் தேவை. இபிஎஃப்பில் 2024 மே மாதத்திலிருந்து வந்த மூன்றாவது கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து மிஷின் வாங்கலாமா என்று தோன்றும். இப்போதைக்கு வேண்டாம்.

ஆறு மாதம் ஒரு நோட்டில் தையல் கணக்கு எழுதுங்கள். எத்தனை ரவிக்கை, எவ்வளவு கூலி, லைனிங் துணி, நூல், கொக்கி, மிஷின் சர்வீஸ், மின்சாரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம். தீபாவளிக்கும் தை மாதத்துக்கும் ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கை ஓய்ந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் வீடு எதை வைத்து ஓடும் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகு பேக்டரியைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் கூலி கட்டாயம் குறைவாகத்தான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். அக்கம்பக்கம், சொந்தம் என்று பார்த்துக் கேட்டதைக் கொடுங்கள் என்று விட்டிருப்பீர்கள். பிறந்தநாளை ஒட்டிக் கூலியை ஏற்றுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். திரும்பி வருவார்கள், கழுத்து வெட்டு சரியாக விழும் தையல்காரியை யாரும் சுலபத்தில் விட மாட்டார்கள்.

படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பெண்கள் ஆடைத் தையலுக்கும் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் வகுப்பில் முழுக்க உட்கார வேண்டியதில்லை. செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து வாங்கும் வழி இருக்கிறது, பிபிடி என்பார்கள். திறன் மேம்பாட்டு இலாகாவில் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இன்றிலிருந்து தைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரவிக்கையையும் படம் எடுத்து வையுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், தெக்குன் நாசியோனல் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்பூமி கடன் மாதிரி ஏதாவது கேட்கும்போதும் கைகொடுக்கும். கடன் கடைசி.

நான் வேலையில் இருந்துகொண்டே கவுன்சலிங் படிக்க விண்ணப்பித்தபோது எனக்கு 40 வயது. பாரம் வாங்கப் போன இடத்தில் முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “மகளுக்கா?” என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு மகளே கிடையாது, இரண்டும் பையன்கள். ஏன் ஆமாம் என்றேன் என்று யோசித்தபடி இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்று வாரம் கழித்து அதே முகப்புக்குப் போய் என் பெயர் எழுதிய பாரத்தைக் கொடுத்தேன். வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் 23, 24 வயதுப் பிள்ளைகள். கட்டுரை எழுதுவதில் அவர்கள் வேகம். எதிரே உட்கார்ந்து அழுகிறவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதில் நான் வேகம். அதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை, பெரட்டுக்களத்திலும் மாமனார் கட்டிலுக்குப் பக்கத்திலும் கற்றேன்.

கணவர் விஷயம். “நாப்பது வயசுல என்ன புதுசா?” என்ற கேள்வியை நீங்கள் கேலியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் பயம்தான் கேட்கிறது. மாதாமாதம் நிச்சயமாக வருவது உங்கள் சம்பளம். அது நின்றால் வீட்டுக் கடன் தன் தலையில் விழும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு வயதை இழுத்திருப்பார். நீங்கள் அந்த ஆறு மாத நோட்டைக் காட்டிப் பேசுங்கள். லோரியிலிருந்து இறங்கின களைப்பில் இருக்கும்போது வேண்டாம், சம்பளத்துக்கு முந்தின வாரமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணி குடிக்கும்போது, “எனக்கு வேலையை விடணும்னு இல்ல, இதை வளர்க்கணும்னு இருக்கு. நீங்க எதுக்குப் பயப்படுறீங்க, சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்லும்வரை நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் பெண்கள் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் தாங்களே சொல்லி, மனத்தாங்கலையும் தாங்களே தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

மகளிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் அழுததை அவள் பார்த்திருக்கலாம், மெல்லிய சுவர் வைத்த வீடு. ஊசி கோத்துக் கொடுத்ததற்கு அம்மா ஏன் அழுதாள் என்று அந்தப் பிள்ளை குழம்பிக் கிடக்கக்கூடும். “கண்ணு மங்குது, கண்ணாடி வாங்கப் போறேன், நீ கூட வந்து நல்ல ஃபிரேம் எடுத்துக் குடு” என்று சொல்லுங்கள். உங்களைப் பார்த்துத்தான் அவள் தன்னுடைய நாற்பதை வரைந்து வைத்துக்கொள்ளப் போகிறாள், நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்த்து வரைந்துகொண்ட மாதிரி.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா உங்களோடுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன், கடிதத்தில் தெளிவாக இல்லை. எங்கே இருந்தாலும் பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “என்னோட வயசுல உனக்கு என்ன ஆசை இருந்துச்சும்மா?” என்று கேளுங்கள். நான் என் அம்மாவிடம் இதை ரொம்பத் தாமதமாகக் கேட்டேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை இருந்ததாம். ஸ்டோரில் கிராணியின் சைக்கிள் சாத்தி வைத்திருக்கும், பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்ப்பாராம். அடுப்பு, கூலி, பிள்ளைகள் தவிர என் அம்மாவுக்குள் ஒரு சைக்கிள் மணி இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது.

உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கண்ணாடிக்கு என்ன எண் வந்தது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா